வீதி விபத்தும் காரண ஆராய்ச்சியும்: ஒரு வரலாற்று நோக்கு

1869 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 31 ஆம் நாள், அயர்லாந்திலுள்ள பார்சன்ஸ்டவுன் என்னும் ஊரில், நீராவியால் இயங்கிய வண்டியொன்று வளைவொன்றிலே திரும்பியபோது அதிலிருந்து பெண்ணொருவர் தூக்கி எறியப்பட்டார். வண்டியின் கனத்த சக்கரம் அவர்மீது ஏறியது. அவர் உயிர் துறந்தார். மேரி வார்ட் எனும் அப்பெண்மணி நுணுக்குக்காட்டியைப் பற்றி நூல் எழுதிய அறிவியலாளர். அவர் ஏறிச்சென்ற வண்டியோ அவருடைய உறவினரான அறிவியற் குடும்பத்தினர் தாமே ஆக்கியதொன்றாகும். இருபத்தேழு ஆண்டுகளின் பின், 1896 ஓகஸ்ட் 17 இல், இலண்டனிலுள்ள கிறிஸ்டல் பலஸ் வளவில், பிரிஜெட் டிறிஸ்கோல் என்னும் பெண் தம் மகளுடன் நடந்து சென்றுகொண்டிருக்கையில், பொதுமக்களுக்குக் காட்டும்பொருட்டு ஓட்டப்பட்ட மோட்டார் வண்டியொன்றினால் மோதுண்டு இறந்தார். பிரித்தானியாவில் மோட்டார் வண்டி மோதி உயிரிழந்த முதற் பாதசாரி இவரே எனக் கொள்வது வழக்கம். இவ்விரு மரணங்கள் குறித்தும் மரண விசாரணை நடைபெற்றது. இரண்டிலும் ‘தற்செயலான மரணம்’ என்றே தீர்ப்பளிக்கப்பட்டது.

‘தற்செயல்’ என்னும் அச்சொல்லிலேயே ஒரு நூற்றாண்டின் வாதப் பிரதிவாதங்கள் அடங்கியுள்ளன. தற்செயலாய் நிகழ்வதற்குக் காரணம் இல்லை. காரணம் இல்லாததைத் தடுக்கவும் இயலாது. தடுக்க இயலாததை ஊழ் என்று பொறுத்துக்கொள்வது மனித இயல்பு. அவ்வாறு பொறுத்துக்கொள்ள மனம் ஒப்பாதவிடத்துக் குற்றவாளி ஒருவனைத் தேடித் தண்டிப்பதும் மனித இயல்பே. ஊழுக்கும் குற்றத்துக்கும் இடையே, ஆராய்ந்து அறியத்தக்க காரணம் என்ற ஒன்று உண்டு என்பதை வீதிப் பாதுகாப்பு ஆய்வாளர் எங்ஙனம் கண்டறிந்தனர் என்பதையும், அக்கண்டுபிடிப்பு மக்களின் உயிரோடு எவ்வாறு தொடர்புற்றது என்பதையும் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சட்டமும் வீதியின் உரிமையும்

விபத்துப் பற்றிய முதற் சிந்தனை ஆய்வுகூடத்தில் அன்றிச் சட்டமன்றத்திலேயே தோன்றியது. பிரித்தானியாவில் 1865 இல் இயற்றப்பட்ட சட்டம், தானே இயங்கும் வண்டிகளின் வேகத்தை நாட்டுப்புறத்தில் மணிக்கு 4 மைல் எனவும், நகரத்தில் 2 மைல் எனவும் வரையறுத்ததோடு, செங்கொடி ஏந்திய ஒருவர் வண்டிக்கு முன்னே நடந்து செல்ல வேண்டும் எனவும் விதித்தது. இன்று நகைப்புக்கு இடமாகத் தோன்றும் இவ்விதி, வீதி என்பது நடப்போருக்கும் கால்நடைகளுக்கும் உரியது, இயந்திரம் அங்கு விருந்தாளியே என்ற கருத்தை அடிப்படையாகக் கொண்டிருந்தது. 1896 இல் இவ்வரையறை 14 மைலாகவும், 1903 இல் 20 மைலாகவும் உயர்த்தப்பட்டது. 1930 ஆம் ஆண்டுச் சட்டமோ மோட்டார்க் கார்களுக்கான வேக வரையறையை முற்றாகவே நீக்கிவிட்டது. 1934 இல் அந்நாட்டின் வீதிகளில் மாண்டோர் தொகை 7,343 ஆகும். அதே ஆண்டில் இயற்றப்பட்ட புதிய சட்டம் குடியிருப்புப் பகுதிகளில் மணிக்கு 30 மைல் என்ற எல்லையை மீண்டும் கொணர்ந்தது. புதிய சாரதிகளுக்கான தேர்வும் அச்சட்டத்தின் வழியே கட்டாயமாயிற்று.

இவ்வுரிமைப் போராட்டம் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மேலும் வெளிப்படையாக நிகழ்ந்தது. 1923 இல் சின்சினாட்டி நகர மக்கள், கார்களின் வேகம் மணிக்கு 25 மைலைத் தாண்டாதவாறு அவற்றில் கருவியொன்றைப் பொருத்த வேண்டும் எனக் கோரி நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்ட கையொப்பங்களைத் திரட்டி, அதனை வாக்கெடுப்பு வரை கொண்டு சென்றனர். கார் விற்பனையாளர் ஒன்றுதிரண்டு நடத்திய எதிர்ப் பிரசாரத்தால் அம்முயற்சி தோல்வியுற்றது. அதன் பின்னர், வீதியைக் கண்டபடி கடக்கும் பாதசாரியைப் பட்டிக்காட்டான் என இகழும் சொல்லொன்று நகரங்களில் பரப்பப்பட்டது. நாளடைவில் அவ்வாறு கடப்பது சட்டப்படி குற்றமும் ஆயிற்று. வீதியின் உரிமையாளனாய் இருந்தவன் அத்துமீறுவோனாக மாறியமை, காரணத்தைக் காணும் கண்ணையும் மாற்றியது. குழந்தை ஏன் வீதிக்கு ஓடிற்று என்ற வினா எழுந்தது. வண்டி ஏன் அத்துணை வேகத்தில் வந்தது என்ற வினா பின்தள்ளப்பட்டது. வினாவைத் தெரிவு செய்வோரே விடையையும் பாதி தெரிவு செய்துவிடுகின்றனர் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

விபத்துக்குள்ளாகும் இயல்பு

விபத்தை அறிவியல் முறையில் அணுகிய தொடக்க ஆய்வுகளுள் ஒன்று தொழிற்சாலையிலே நிகழ்ந்தது. முதலாம் உலகப் போர்க்காலத்தில் வெடிமருந்துத் தொழிற்சாலைகளிற் பணிபுரிந்த பெண்களுக்கு நேர்ந்த விபத்துக்களைக் கிறீன்வூட், வூட்ஸ் என்னும் இருவர் புள்ளிவிபரவியல் முறையில் ஆராய்ந்து 1919 இல் அறிக்கை வெளியிட்டனர். விபத்துக்கள் எல்லோரிடத்தும் ஒரே தன்மையாய்ப் பரவவில்லை என்றும், சிலருக்கு மீண்டும் மீண்டும் நேர்கின்றன என்றும் அவர்கள் கண்டனர். 1926 இல் ஃபார்மர், சேம்பர்ஸ் என்போர் இதற்கு ‘விபத்துக்குள்ளாகும் இயல்பு’ எனப் பெயர் சூட்டினர். விரைவிலேயே இக்கருத்து வீதிக்கும் கொண்டுவரப்பட்டது. விபத்துக்குள்ளாகும் இயல்புடையோரை உளவியற் சோதனையால் இனங்கண்டு சாரதி ஆசனத்திலிருந்து அகற்றிவிட்டால் வீதி பாதுகாப்பாகிவிடும் என்ற நம்பிக்கை பல ஆண்டுகள் நிலவியது.

இந்நம்பிக்கையில் மறைந்திருந்த வழுவை எளிய கணக்கொன்றால் விளக்கலாம். நூறு சாரதிகள் உள்ளனர் எனவும், அனைவரும் திறமையில் முற்றும் சமமானவர்கள் எனவும் கொள்வோம். ஓராண்டில் அவர்களிடையே ஐம்பது விபத்துக்கள் முற்றிலும் எழுமாறாக நிகழ்வதாயின், நிகழ்தகவு விதிப்படி ஏறத்தாழ 61 பேருக்கு விபத்து ஒன்றும் நேராது. 30 பேருக்கு ஒவ்வொன்று நேரும். எஞ்சிய ஒன்பது பேருக்கு இரண்டோ அதற்கு மேலோ நேரும். அதாவது நூற்றுக்கு ஒன்பது பேர் நாற்பது வீதமான விபத்துக்களுக்கு ‘உரியவர்’ ஆகிவிடுவர். அவர்களிடம் எக்குறையும் இல்லை. அடுத்த ஆண்டில் வேறு ஒன்பது பேர் அவ்விடத்தில் இருப்பர். இந்த ஒன்பதின்மரை வேலைநீக்கம் செய்வதால் விபத்துக் குறையப் போவதில்லை. கிறீன்வூட்டும் வூட்ஸும் இவ்விடரை நன்கு அறிந்தே தம் தரவுகளை எழுமாற்றுப் பரம்பலோடு ஒப்பிட்டனர். அவர்களைப் பின்பற்றியோர் பலரிடம் அந்த எச்சரிக்கை இருக்கவில்லை. 1951 இல் ஆர்பஸ், கெரிச் என்னும் ஆய்வாளர் இக்கொள்கையின் புள்ளிவிபர அடிப்படையை விரிவாகக் கண்டித்து எழுதினர். மனிதரிடையே வேறுபாடு இல்லை என்பது இதன் பொருளன்று. மது, களைப்பு, இளமை, அனுபவமின்மை ஆகியன ஆபத்தை மிகுவிக்கின்றன என்பது பின்னர் ஐயமின்றி நிறுவப்பட்டது. எனினும், நிலையான தீய இயல்புடைய ஒரு சிறு கூட்டத்தினரே விபத்துக்குக் காரணர் என்ற எளிய விளக்கம் அன்றோடு தளர்ந்தது.

எண்களின் மொழி

இரண்டாம் உலகப் போர் விபத்தாராய்ச்சிக்குப் புதிய தேவையையும் புதிய கருவிகளையும் அளித்தது. வான்தாக்குதலுக்கு அஞ்சி விளக்குகள் அணைக்கப்பட்ட 1941 இல் பிரித்தானிய வீதிகளில் 9,169 பேர் மாண்டனர். அந்நாட்டு வரலாற்றிலே ஓராண்டில் நிகழ்ந்த மிகப் பெரும் வீதி உயிரிழப்பு இதுவேயாகும். வாகனங்கள் குறைந்திருந்த காலத்தில் மரணங்கள் மிகுந்தமை, வெளிச்சம் என்ற புறக்காரணி ஒன்றின் வலிமையை எவர்க்கும் உணர்த்தப் போதுமானதாயிருந்தது.

போரின் பின் பிரித்தானிய வீதி ஆராய்ச்சி நிலையத்திற் பணியாற்றிய ஆர். ஜே. ஸ்மீட் 1949 இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையின் மைல்கற்களுள் ஒன்றாகும். இருபது நாடுகளின் 1938 ஆம் ஆண்டுத் தரவுகளை ஆராய்ந்த அவர், வீதி மரணங்களின் தொகை, வாகனத் தொகையினதும் சனத்தொகையின் வர்க்கத்தினதும் பெருக்கத்தின் கனமூலத்துக்கு நேர்விகித சமமாக அமைவதாகக் கண்டார். இதன் பொருள் வியப்புக்குரியது. சனத்தொகை மாறாதிருக்க வாகனங்கள் எட்டு மடங்காகப் பெருகினால் மரணங்கள் இரு மடங்காகவே பெருகும். அதாவது வாகனமொன்றுக்கான மரணம் நான்கிலொன்றாகக் குறையும். வாகனம் பெருகப் பெருகச் சமுதாயம் அதனோடு வாழப் பழகிக்கொள்கின்றது எனச் சிலர் இதற்கு விளக்கம் கூறினர். வேறு சிலரோ, பாதசாரிகள் அச்சத்தால் வீதியைவிட்டு ஒதுங்கியதையே இக்குறைவு காட்டுகின்றது என்றனர். இரண்டாவது விளக்கம் சிந்தனைக்குரியது. பிள்ளைகள் விளையாடாத வீதியிலே பிள்ளைகள் மாளார். அதனால் அவ்வீதி பாதுகாப்பானது என்று சொல்லிவிட முடியுமா? எவ்வாறாயினும், 1970 களின் பின் செல்வந்த நாடுகளில் மரணங்கள் ஸ்மீட்டின் சூத்திரம் காட்டியதிலும் மிகக் கீழே இறங்கின. மனித முயற்சியால் மாற்ற இயலாத இயற்கை விதி எதுவும் அங்கே செயற்படவில்லை என்பதை அவ்வீழ்ச்சி நிரூபித்தது.

உடலும் சக்தியும்

விபத்து ஏன் நிகழ்ந்தது என்னும் வினாவோடு, விபத்து நிகழ்ந்தபோது உடலுக்கு என்ன நேர்ந்தது என்னும் வினாவையும் மருத்துவரும் பொறியியலாளரும் எழுப்பத் தொடங்கியமையே இவ்வரலாற்றின் பெருந் திருப்பமாகும்.

1935 மே மாதத்தில் ‘அரேபியாவின் லோரன்ஸ்’ எனப் புகழ்பெற்ற டி. ஈ. லோரன்ஸ், மோட்டார் சைக்கிள் விபத்தொன்றில் தலையில் அடிபட்டு, ஆறு நாட்கள் நினைவின்றிக் கிடந்து மாண்டார். அவரைப் பார்வையிட்ட மருத்துவருள் ஹியூ கெயர்ன்ஸ் என்னும் மூளை அறுவை வல்லுநரும் ஒருவர். அவர் 1941 இல் எழுதிய கட்டுரையில், போர் தொடங்கிய முதல் இருபத்தொரு மாதங்களில் 2,279 மோட்டார் சைக்கிளோட்டிகளும் பின்னிருந்து சென்றோரும் மாண்டதைக் குறிப்பிட்டு, தலைக்கவசம் அணிந்திருந்த சிலரின் காயங்களை விவரித்தார். அவர் கண்ட அத்தகையோர் எழுவரே, எழுவரும் பிழைத்திருந்தனர். எழுவர் என்பது சிறு தொகையே. எனினும், பிரித்தானிய இராணுவம் தன் மோட்டார் சைக்கிளோட்டிகளுக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. அதன் விளைவைத் தொடர்ந்து கணித்து 1946 இல் வெளியிடவும் கெயர்ன்ஸ் தவறவில்லை. பொதுமக்களுக்கு அது கட்டாயமாவதற்கு 1973 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அறிவுக்கும் சட்டத்துக்கும் இடையே முப்பத்திரண்டு ஆண்டுகள் கழிந்தன. அந்த இடைவெளியில் மாண்டோரின் தொகையும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியே.

அமெரிக்கரான ஹியூ டீஹேவனின் வரலாறும் ஒப்புநோக்கத்தக்கது. முதலாம் உலகப் போர்க்காலத்தில் கனடாவில் விமானப் பயிற்சி பெறுகையில் விமானங்கள் மோதி வீழ்ந்தன. அவர் உட்காயங்களோடு உயிர் தப்பினார். தம் காயத்துக்கு ஆசனப்பட்டியின் அமைப்பே ஏதுவாயிற்று என அவர் கருதினார். இதனைத் தற்செயல் என விட்டுவிடாது, பெரும் உயரங்களிலிருந்து வீழ்ந்தும் பிழைத்தோர் பற்றிய செய்திகளைத் திரட்டினார். ஐம்பது முதல் நூற்றைம்பது அடி வரையான உயரத்திலிருந்து வீழ்ந்து பிழைத்த எண்மரின் நிலைமையை ஆராய்ந்து 1942 இல் அவர் வெளியிட்ட கட்டுரையின் முடிவு தெளிவானது: வீழ்ச்சியின் விசை உடலின் பரந்த பரப்பில் பகிரப்பட்டு, சிறிது தூரமாயினும் படிப்படியாக அடக்கப்படுமாயின் மனித உடல் வியத்தகு அதிர்ச்சியையும் தாங்கும். உடையும் பொருள் பொதிந்த பெட்டியை எவ்வாறு கட்டுவது என்பது வணிகருக்குத் தெரியும். மனிதரைச் சுமக்கும் பெட்டிக்கு அவ்வறிவு பயன்படுத்தப்படவில்லை. கோர்னெல் பல்கலைக்கழகத்தில் அவர் தொடக்கிய ஆய்வு, காரின் ஸ்ரியறிங் தண்டும், கூரிய முகப்பும், திறந்துகொள்ளும் கதவும் எவ்வாறு கொலைக் கருவிகளாகின்றன என்பதைப் பதிவு செய்தது.

டீஹேவன் கண்டதை ஜோன் போல் ஸ்டாப் என்னும் விமானப்படை மருத்துவர் தம் உடலாலேயே சோதித்தார். 1954 டிசெம்பர் 10 இல், ஏவுகணை பூட்டிய ஊர்தியொன்றில் தம்மைப் பட்டிகளாற் பிணைத்துக்கொண்டு மணிக்கு 632 மைல் வேகத்தை எட்டி, 1.4 செக்கனில் நிறுத்தப்பட்டார். புவியீர்ப்பைப் போன்று 46 மடங்கான அமர்முடுகலைத் தாங்கியும் அவர் பிழைத்தார். தம் படையினர் விமானங்களில் மாள்வதிலும் கார்களிலேயே மிகுதியாக மாள்கின்றனர் என்பதைக் கண்ட அவர், கார் மோதல் ஆராய்ச்சியாளரை ஆண்டுதோறும் கூட்டும் மாநாட்டை 1955 இல் தொடங்கிவைத்தார்.

ஹடனும் நாடரும்

இவ்வாறு சிதறிக் கிடந்த ஆய்வுகளை ஒரு கோட்பாடாக வகுத்த பெருமை வில்லியம் ஹடன் என்னும் பொதுச் சுகாதார மருத்துவரைச் சாரும். தொற்றுநோயைக் கிருமி, மனிதர், சூழல் என்னும் மூன்றன் தொடர்பாக நோக்கும் முறையைக் காயங்களுக்கும் பொருத்தலாம் என்பதை 1949 இல் ஜோன் கோர்டன் எடுத்துக்காட்டியிருந்தார். மலேரியாவுக்குக் கிருமி எதுவோ, காயத்துக்கு அது சக்தி என்பதை ஹடன் தெளிவாக்கினார். வேகமாகச் செல்லும் பொருளின் இயக்கசக்தி, தாங்கவொண்ணா அளவில் உடலை அடைவதே காயமாகும். இதிலிருந்து, மோதலுக்கு முன், மோதலின்போது, மோதலின் பின் என மூன்று கட்டங்களையும், மனிதர், வாகனம், சூழல் என மூன்று காரணிகளையும் கொண்ட அட்டவணையை அவர் அமைத்தார். சாரதியின் கவனம் அந்த ஒன்பது கட்டங்களுள் ஒன்றேயாகும். எஞ்சிய எட்டிலும் தடுப்புக்கு வழியுண்டு. நுளம்புக்கடியைத் தவிர்க்குமாறு மக்களுக்குப் போதிப்பதோடு நின்றுவிடாது சதுப்புநிலத்தையும் வடியச் செய்த சுகாதாரத் துறையின் அனுபவமே இதன் பின்னணியில் நின்றது.

கோட்பாடு சட்டமாவதற்குப் பொதுமக்களின் சினமும் வேண்டியிருந்தது. 1965 இல் ரல்ப் நாடர் என்னும் இளஞ் சட்டவறிஞர், அமெரிக்கக் கார் உற்பத்தியாளர் பாதுகாப்பினும் தோற்றப் பொலிவுக்கே முதன்மை அளித்தனர் எனக் குற்றஞ் சாட்டும் நூலை வெளியிட்டார். அவரைத் துப்பறிய ஆட்களை ஏவியமைக்காக ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்தின் தலைவரே 1966 மார்ச்சில் செனட் சபைக் குழுவின் முன் மன்னிப்புக் கோர நேர்ந்தது. அவ்வாண்டு செப்டெம்பர் 9 இல் வாகனப் பாதுகாப்புச் சட்டம் கையொப்பமாயிற்று. அதனைச் செயற்படுத்தும் அமைப்பின் முதல் தலைவராக ஹடன் நியமனம் பெற்றார். பத்துக் கோடி வாகன மைல்களுக்கான மரணம் அமெரிக்காவில் 1966 இல் 5.5 ஆக இருந்து, 2014 இல் 1.1 அளவுக்கு வீழ்ந்தது. இவ்வீழ்ச்சி முழுவதையும் ஒரு சட்டத்தின் கணக்கிலே எழுத முடியாதெனினும், வாகனத்தின் வடிவமைப்பு அதில் பெரும் பங்கு வகித்தது.

சுவீடனில் நில்ஸ் போலின் என்னும் பொறியியலாளர் 1959 இல் வொல்வோ நிறுவனத்துக்காக ஆக்கிய மும்முனை ஆசனப்பட்டி இக்காலத்தின் தலைசிறந்த கண்டுபிடிப்பாகும். விமானத்திலிருந்து விமானியை வெளியேற்றும் ஆசனங்களை முன்னர் வடிவமைத்த அனுபவம் அவருக்குக் கைகொடுத்தது. பட்டி இருந்தும் மக்கள் அதை அணியவில்லை. 1970 டிசெம்பரில் அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் உலகிலே முதன்முதலாக அதனை அணிவதைக் கட்டாயமாக்கியது. பாதுகாப்பை உணர்ந்த சாரதி மேலும் துணிந்து ஓட்டுவானாகையால் நன்மையின் ஒரு பகுதி பாதசாரியின் தலையில் தீமையாக விடியும் என 1975 இல் பொருளியலாளர் சாம் பெல்ட்ஸ்மன் வாதிட்டார். அவரது கணிப்பு பலராலும் மறுக்கப்பட்டது. ஆயினும், எவருடைய பாதுகாப்பு என்ற வினாவை அவர் எழுப்பியமை பயனுடையதே.

மதுவும் தண்டனையும்

மனிதக் காரணியைப் பற்றிய ஆய்விலும் முறையியல் வளர்ச்சி ஏற்பட்டது. மாண்ட சாரதிகள் மது அருந்தியிருந்தனர் எனக் காட்டுவது மட்டும் போதாது. அதே இடத்தில், அதே நேரத்தில் விபத்தின்றிச் சென்றோர் எத்துணை பேர் அருந்தியிருந்தனர் என்பதும் அறியப்பட வேண்டும். 1938 இல் இலினோய் மாநிலத்திலுள்ள எவன்ஸ்டன் நகரில் ஹொல்கொம் இவ்வாறான ஒப்பீட்டைச் செய்தார். சுவாசத்தால் மதுசாரத்தை அளக்கும் கருவியை 1954 இல் ஆக்கிய றொபேர்ட் போர்க்கன்ஸ்டைன், 1962-63 இல் மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் றப்பிட்ஸ் நகரில் ஆயிரக்கணக்கான சாரதிகளிடம் நடத்திய ஆய்வு, இரத்தத்தில் மதுசாரம் ஏற ஏற ஆபத்து எவ்வாறு செங்குத்தாக உயர்கின்றது என்பதை நிறுவியது.

இவ்வாய்வுகளின் பயனாகப் பிரித்தானியா 1967 ஒக்டோபரில், 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மதுசாரம் என்ற எல்லையை நடைமுறைப்படுத்தியது. தொடக்கத்தில் இரவுநேர விபத்துக்கள் பெருமளவிற் குறைந்தன. சில ஆண்டுகளில் அப்பயன் தேய்ந்தது. இதனை ஆராய்ந்த லோரன்ஸ் றொஸ் என்னும் சமூகவியலாளர், பிடிபடுவோம் என்ற அச்சத்தால் மக்கள் முதலில் அடங்கினர். பிடிபடும் வாய்ப்பு உண்மையிற் குறைவே என அறிந்ததும் பழைய வழிக்கு மீண்டனர் என விளக்கினார். தண்டனையின் கடுமையினும் அதன் நிச்சயமே மனிதரை நெறிப்படுத்துகின்றது என்னும் இம்முடிவு, எந்நாட்டுக்கும் பொருந்துவதாகும்.

93 வீதம் என்னும் எண்

அமெரிக்காவின் இந்தியானாப் பல்கலைக்கழக ஆய்வாளர் 1970 களில் விபத்துக்களை நேரிற் சென்று ஆராய்ந்து 1979 இல் வெளியிட்ட அறிக்கை, 92.6 வீதமான விபத்துக்களில் மனிதத் தவறு உறுதியான அல்லது பெரும்பாலும் உறுதியான காரணம் எனக் கூறியது. விபத்துக்குச் சாரதியே காரணம் என வாதிடுவோர் இன்றுவரை எடுத்தாளும் எண் இதுவே. ஆனால், அதே அறிக்கையில் சூழற் காரணிகள் 33.8 வீதமும் வாகனக் காரணிகள் 12.6 வீதமும் இடம்பெற்றுள்ளன. இவற்றின் கூட்டுத்தொகை 139 ஆகும். ஒரே விபத்துக்குப் பல காரணங்கள் ஒருங்கே அமையும் என்பதை அக்கூட்டுத்தொகையே உணர்த்துகின்றது. மேலும், தவறு எங்கே நிகழ்ந்தது என்பதும், அதன் விளைவை எங்கே தடுப்பது எளிது என்பதும் இரு வேறு வினாக்கள். படியில் தவறிய குழந்தையின் தவறு குழந்தையுடையதே. ஆயினும் அதற்குக் கைபிடிச் சுவர் எழுப்புவதே அறிவுடைமை.

வேகம் பற்றிய ஆய்வு இதனை எண்ணாற் காட்டிற்று. சுவீடன் நாட்டு யோரன் நில்சன் 1980 களின் தொடக்கத்தில், சராசரி வேகம் மாறுகையில் உயிரிழப்பு விபத்துக்கள் அவ்வேக விகிதத்தின் நான்காம் அடுக்கில் மாறுகின்றன எனக் கண்டார். வேகம் பத்து வீதம் கூடினால் அவ்விபத்துக்கள் ஏறத்தாழ நாற்பத்தாறு வீதம் கூடும். 1997 இல் சுவீடன் பாராளுமன்றம், வீதியில் எவரும் மாளவோ பாரதூரமாகக் காயமுறவோ கூடாது என்பதைத் தேசிய இலக்காக ஏற்றது. மனிதர் தவறு செய்வர். அத்தவறுக்கு மரணம் தண்டனையாதல் தகாது என்பதே அதன் அடிநாதம். நேருக்கு நேர் மோதாதவாறு வீதியின் நடுவே கம்பிவடத் தடுப்புக்கள் இடப்பட்டன, சந்திகள் சுற்றுவட்டங்களாக்கப்பட்டன. 1997 இல் 541 ஆக இருந்த அந்நாட்டின் வீதி மரணங்கள் 2020 இல் 204 ஆயின.

யாருடைய வீதி?

இவ்வறிவின் பயன் உலகெங்கும் சமமாகப் பகிரப்படவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி 2021 இல் உலக வீதிகளில் 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் மாண்டனர். இவர்களுள் 92 வீதத்தினர் குறைந்த, நடுத்தர வருமானம் உடைய நாடுகளைச் சேர்ந்தோர். உலக வாகனங்களில் அந்நாடுகளுக்கு உரியவையோ ஏறத்தாழ 60 வீதமே. மாண்டோரிற் பாதிக்கு மேற்பட்டோர் பாதசாரிகளும் சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டிகளுமாவர். காருக்குள் இருப்போரைக் காப்பதற்கெனத் தோன்றிய அறிவு, காருக்கு வெளியே நடப்போரிடம் முழுமையாக வந்தடையவில்லை என்பதே இதன் பொருள். ஹடன் தலைமை தாங்கிய ஆய்வு நிறுவனத்திற் பணிபுரிந்து, பின்னர் டெல்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் ஆய்வு நடத்தி 2021 இல் மறைந்த தினேஷ் மோகன், செல்வந்த நாடுகளின் வீதிக்கென வகுக்கப்பட்ட தீர்வுகளை நடப்போரும் மிதிவண்டியோட்டிகளும் நிறைந்த நம் வீதிகளிற் கண்மூடிப் பொருத்தலாகாது என இடையறாது வலியுறுத்தினார்.

இலங்கையின் நிலையும் இதனின் வேறன்று. 2016 தொடக்கம் 2018 வரையான ஆண்டுகளில் ஒவ்வோராண்டும் ஏறத்தாழ மூவாயிரம் பேர் இந்நாட்டு வீதிகளில் மாண்டனர். முன் ஆசனத்தில் இருப்போருக்கு ஆசனப்பட்டி 2011 இல் கட்டாயமாயிற்று; விக்டோரியா மாநிலத்துக்கும் நமக்கும் இடையே நாற்பது ஆண்டுகள். பேரூந்தில் நின்றபடி செல்வோருக்கும், முச்சக்கர வண்டியில் நெருங்கியிருப்போருக்கும், ஒற்றை மோட்டார் சைக்கிளிற் செல்லும் குடும்பத்துக்கும் அப்பட்டி எட்டாத பொருள். விபத்து நிகழ்ந்த மறுநாள் நம் பத்திரிகைகளில் வாகனம் ‘வேகக் கட்டுப்பாட்டை இழந்து’ என்றும், ‘சாரதியின் கவனயீனம்’ என்றும் இரண்டொரு வரிகள் வெளிவருகின்றன. சாரதி எத்தனை மணிநேரம் உறங்காதிருந்தார், அவருடைய வேதனம் சேகரிக்கும் பயணிகளின் தொகையில் தங்கியிருந்ததா, வளைவிலே தடுப்புச்சுவர் இருந்ததா, அதே வளைவில் முன்னரும் எவரேனும் மாண்டனரா, காயமுற்றோர் எத்துணை நேரத்தில் வைத்தியசாலையை அடைந்தனர் என்னும் வினாக்கள் பெரும்பாலும் எழுவதில்லை. ஹடனின் அட்டவணையிலே ஒரு கட்டம் மட்டும் நிரப்பப்பட்டு, எஞ்சிய எட்டும் வெறுமையாக விடப்படுகின்றன.

குற்றம் புரிந்தோரைச் சட்டம் விசாரிக்கவே வேண்டும். ஆயின், விசாரணை முடிவுற்றதும் ஆராய்ச்சியும் முடிவுற்றதாகக் கருதுவதே தவறாகும். சிறைக்குச் சென்ற சாரதியின் இடத்துக்கு மற்றொருவர் வருவார். வளைவு அவ்விடத்திலேயே இருக்கும். பார்சன்ஸ்டவுனிலும் கிறிஸ்டல் பலஸிலும் கூடிய விசாரணை மன்றங்கள் ‘தற்செயல்’ என்று எழுதி ஏட்டை மூடியமைக்கு அக்காலத்து அறிவின் எல்லையைக் காரணமாகக் கூறலாம். நூற்றைம்பது ஆண்டுக்கால ஆய்வு கைக்கெட்டிய பின்னும் அதே ஏட்டை அவ்வாறே மூடுவோர்க்கு அக்காரணம் கிடையாது. மருத்துவம், பொறியியல், புள்ளிவிபரவியல், சமூகவியல் ஆகிய துறைகள் ஒரே வளாகத்தில் அருகருகே பயிலப்படும் பல்கலைக்கழகங்களே அவ்வெட்டுக் கட்டங்களையும் நிரப்பத் தொடங்க வேண்டிய இடமாகும்.